போனில் வந்த அந்நியன்

ஜூன் 3, செவ்வாய். இரவு

கோயம்புத்தூரிலிருந்து பறவைப் படம் எடுக்க வந்தவரைக் காலையில் ஏலக்காட்டு ஓடைக்குக் கூட்டிப் போனேன். அங்கே பாறை இடுக்கில் சூளக்காக்கா என்கிற சீழ்க்கைக் குருவி குஞ்சு பொரித்திருக்கிறது. வெகுநேரம் நின்றும் ஆண் பறவை வெளியே வரவில்லை. போனில் வைத்திருந்த சூளக்காக்கா பாட்டைப் போட்டேன். போன வருடம் வேறொரு மலையில் பதிவு செய்தது.

ஓடைக்கு அக்கரையில் இன்னொரு ஆண் தினமும் பாடுகிறது. இந்தக் கூட்டுக்காரன் அதைக் கண்டுகொள்வதே இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் குரல் அவனுக்குப் பழக்கம். என் காதுக்கு அந்தப் பாட்டும் போன் பாட்டும் ஒரே சீழ்க்கைதான். ஆனால் போன் பாடியதும் எவனோ புதியவன் என்று இவனுக்கு எப்படித்தான் தெரிந்ததோ, பாய்ந்து வந்து போன் இருந்த கல்லைச் சுற்றிச் சீறினான்.

"படம் நல்லா வந்திருக்குதுங்ண்ணா. இன்னொருக்கா போடுங்க" என்றார் வந்தவர். போட்டேன்.

சாயங்காலம் ஓடைக்குத் துணி அலசப் போன ஸ்டெல்லா திரும்பி வந்து, "ஏங்க, பொட்டை மட்டுந்தான் இரை கொண்டாருது. ஆம்பளை ஒரு கல்லையே சுத்திக்கிட்டு நிக்குது" என்றாள்.

அவள் வந்ததும் பிடித்த மழை இன்னும் விடவில்லை. இந்த மழையில் பொட்டை ஒருத்தி தேடும் இரை குஞ்சுகளுக்குக் காணுமா?

நாளைக்கும் ஒருவர் வருகிறார். பாட்டை அழித்துவிட்டேன். என் போனில் அது நின்றுவிட்டது. அவன் தலைக்குள் பாடிக்கொண்டிருப்பதை யார் நிறுத்துவது?