நெட்டையனின் தோள்

அன்புள்ள பெரியவனுக்கு, அம்மா எழுதுவது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு உடம்பு நோகாமல் இருக்க வேண்டும். நாங்களும் நலம் என்று எழுதப் பேனா நகரவில்லை, இருக்கிறோம், அவ்வளவுதான். அப்பா வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டார். எனக்குத்தான் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை, துவைத்த துணியையே மறுபடி துவைக்கிறேன், அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் போய் நிற்கிறேன், தீய்ந்த வாடை வந்த பிறகுதான் நினைவு வருகிறது.

தம்பி பாலத்துக் கம்பிக்கு வெளியே தொங்கின படம், அவன் விழுந்து செத்த பிறகும் எல்லார் போனிலும் சுற்றுகிறதாம். ஒருவன் தொங்க, ஒருவன் மேலிருந்து கையைப் பிடிக்க, இன்னொருவன் படம் எடுக்க வேண்டுமாம், இதற்குப் பிள்ளைகளுக்குள் போட்டியாம். பெற்றவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று முகம் தெரியாதவர்கள் எல்லாம் எழுதுகிறார்களாம். இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன், வேறென்ன செய்வேன். அன்று அவன் போட்டிருந்த சட்டையையும் நான்தான் தேய்த்துக் கொடுத்தேன், எங்கேடா இவ்வளவு மிடுக்கு என்றதற்கு, உனக்கு மருமகள் பார்க்கத்தான் என்று சிரித்துவிட்டுப் போனான்.

இப்போது ஊர் வாய் நெட்டையன் மேல் விழுந்திருக்கிறது. தம்பியோடு ஒட்டிக்கொண்டு திரிவானே, நம் வீட்டுக்கு வரும்போதெல்லாம் வாசல் நிலையில் தலையை இடித்துக்கொள்வானே, அவன்தான் அன்று கையைப் பிடித்திருந்தவன். கொலைகாரன் என்று அவர்கள் வீட்டுக் கதவில் கரியால் எழுதிவிட்டார்கள். நீயும் அவனை உள்ளே தள்ளாமல் விடாதே, போலீசில் எழுதிக் கொடு என்றாய். நானும் நேற்று அவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கத்தான் போனேன். அவன் அம்மா பயந்துபோய் என் காலைப் பிடிக்க வந்தாள். அவன் கட்டிலில் கிடந்தான், வலது கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டியிருந்தது. பாரம் இழுத்துத் தோள் மூட்டே கழன்றுவிட்டதாம், விரல் மடங்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு ஒன்றுதான் சொன்னான், "வேர்வையில வழுக்கிடுச்சும்மா, நான் விடல."

கேட்கப் போனதைக் கேட்காமலே வீடு திரும்பினேன். தோள் கழன்ற பிறகும் பிடித்திருந்திருக்கிறான் பெரியவனே. நான் எழுதிக் கொடுக்கப் போவதில்லை. உனக்குக் கோபம் வந்தால் என்னைத் திட்டு, அவனுக்குப் போன் போட்டு இரண்டு வார்த்தை நல்லதாகப் பேசு.

போன மாதம் நீ அனுப்பிய படத்தில் மாடிக் கைப்பிடிச் சுவரில் ஏறி உட்கார்ந்திருக்கிறாய், பின்னால் வெறும் வானம். அப்போதே இறங்கியிருப்பாய், தெரியும். இருந்தாலும் இறங்கிவிட்டேன் அம்மா என்று ஒரு வரி எழுதிப் போடு.

நீ நல்லா இருக்கணும், நூறு வயசு இருக்கணும்.

உன் பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்,
அம்மா