ஊடு, இன்னா, சிவப்புக் கோடு

12 நவம்பர், புதன்.

இணைய இதழுக்கு அனுப்பிய கட்டுரை இன்றும் திரும்பி வந்துவிட்டது. இப்படித் திரும்பிய நான்காவது கட்டுரை இது. கதையில் மனிதர்களை அவர்கள் பேசுகிறபடியே பேசவிட வேண்டும் என்று எழுதியிருந்தேன். ஆரம்பாக்கத்திலிருந்து கம்பெனிக்குப் போகும் ரயிலில் காதில் விழுந்த பேச்சுதான் உதாரணம். ஆசிரியரின் பதில் ஒரே வரி: "எழுத்துப்பிழைகள் மிகுதி, திருத்தி அனுப்பவும்." 'ஊடு', 'இன்னா' எல்லாவற்றுக்கும் அடியில் சிவப்புக் கோடு. கட்டுரையே அதைப் பற்றித்தானே ஐயா!

சாப்பிடாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி தேவி எட்டிப் பார்த்தாள்.

"இன்னா, இதுவும் வந்துட்ச்சா?"

"எல்லாம் பிழையாம்."

"நம்ம ஊட்ல பேசறது பிழையா? சரி, மாத்தி அனுப்பிடேன். இன்னாத்துக்கு இத்தயே பாத்துக்கினு பேஜார் ஆவுற?"

மாற்றினேன். ஊடு வீடானது. ரயிலில் வந்தவர்கள் எல்லோரும் செய்தி வாசிக்கிறவர்கள் மாதிரிப் பேசினார்கள். அனுப்பிவிட்டேன். வெளிவந்தாலும் இனி அதை யாரிடமும் காட்ட மாட்டேன்.

தேவி கேட்டதை மேலே எழுதினேன் அல்லவா? யாரும் படிக்காத இந்த நோட்டிலேயே, கை முதலில் 'என்ன' என்றுதான் எழுதியது.