கடைசியாகத் தெரிந்த தடம்

இன்று காலை கம்பெனி ஸ்டோரில் புதிதாக வந்திருந்த சேஃப்டி ஷூ பெட்டிகளைப் பிரித்தேன். மூடியைத் திறந்ததும் ரப்பர் வாசனை முகத்தில் அடித்தது. எட்டாம் நம்பர் ஜோடி ஒன்றை எடுத்துப் புரட்டி, அடிப்பாகத்தைப் பார்த்தேன். அதே சதுரக் கட்டங்கள், குதிகாலில் அதே மூன்று கோடுகள். "டேமேஜா மேடம்?" என்று உதவியாளர் கேட்டார். இல்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அதன்பிறகு மத்தியானம் வரை மனதுக்குள் உன்னோடுதான் பேசிக்கொண்டிருந்தேன். எழுதியே விடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். நீ இருந்து கேட்டிருந்தால், "போதும் யக்கா, விஷயத்துக்கு வா" என்றிருப்பாய்.

வருகிறேன்.

அப்பாவுக்கு மறதி தொடங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. வல்லம் வடகாலில் எங்கள் நிலம் இருந்த பக்கமெல்லாம் கம்பெனிச் சுற்றுச்சுவர்கள் எழும்பிக்கொண்டிருந்தன. அம்மா இல்லை. நான் வேலைக்கு வந்தபின் அப்பா வீட்டில் தனியாகத்தான் இருப்பார். திடீரென்று, "கழனிக்குத் தண்ணி கட்டிட்டு வரேன்" என்று கிளம்பிவிடுவார். கழனி இருந்த இடம் பிடிபடாமல் எங்கெங்கோ அலைவார். இரண்டு முறை யார் யாரோ கொண்டுவந்து விட்டார்கள். சென்னையில் இருக்கும் தம்பி போனில் தீர்த்துச் சொன்னான்: "வெளிய பூட்டிட்டு வேலைக்குப் போ. முடியலன்னா நான் முதியோர் ஹோம்ல சேத்துடறேன்க்கா."

அவன் கெட்டவன் இல்லை, பயந்தவன். நானும் பயந்தவள்தான். ஒருநாள் பூட்டிவிட்டுப் போனேன். மாலை வந்து திறந்தபோது, கதவைத் தட்டித் தட்டி அப்பாவின் உள்ளங்கைகள் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. "யாரோ என்ன உள்ள வெச்சிட்டாங்கம்மா" என்று என்னிடமே புகார் சொன்னார். இனிமேல் இந்தக் கதவைப் பூட்டுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன். பூட்டாமல் அவரை எப்படிக் காப்பது என்பதுதான் தெரியவில்லை.

அடுத்த முறை அவர் காணாமல் போன அன்றுதான் நீ வந்தாய். கம்பெனியில் புல் வெட்டும் காண்டிராக்ட் வேலை உனக்கு. ஏரிக்கு அந்தப் பக்கம், இருளர் குடியிருப்பில் வீடு. என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவள். அதுவரை நமக்குள் பார்த்தால் சிரிப்பதோடு சரி. பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்து நான் கேட்டுக்கு ஓடியபோது, நீ சாப்பாட்டுத் தூக்கோடு வெளியே வந்துகொண்டிருந்தாய்.

"இன்னா மேடம், இப்டி ஓடறீங்கோ?"

சொன்னேன்.

"கால்ல இன்னா போட்டுகினு போனாரு?"

"சேஃப்டி ஷூ. முள்ளு குத்தாம இருக்கட்டும்னு நான்தான் வாங்கிக் குடுத்தேன்."

நீ சிரித்துவிட்டாய். "நல்லா குடுத்தீங்கோ போ. ஊரு மொத்தமும் அத்தத்தான் மாட்டிகினு திரியுது."

ஆனாலும் கூடவே வந்தாய். ரோட்டில் தேடப் போகாமல் நேராக எங்கள் பின்வாசலுக்குப் போய், அவர் கால் கழுவும் இடத்துச் சேற்றருகே குந்தினாய். "தோ பாரு. வலது குதிகால இழுத்து இழுத்து வெக்கிறாரு. இடது காலு ரெண்டு விரக்கட வெளிய திரும்பி நிக்குது. நாலு பேரு ஒரே ஷூ போட்டா, நாலு பேரும் ஒரே மாதிரியா நடப்பான்?" தடத்தை மிதித்துக் கெடுத்துவிடுவேன் என்று என்னை உன் முதுகுக்குப் பின்னாலேயே வரச் சொன்னாய். ஒரு மணி நேரத்தில் அவரைக் கண்டோம். ஏதோ ஒரு மனையின் சுற்றுச்சுவர் ஓரம், வேலிகாத்தான் புதரடியில் உட்கார்ந்திருந்தார். "மடை தெறக்க மாட்டேங்குதும்மா" என்றார் உன்னிடம். "நா தெறந்துட்டேன் நைனா, வா வூட்டுக்கு" என்று கையைப் பிடித்துத் தூக்கினாய்.

மறுவாரம் எனக்குக் கற்றுக்கொடு என்று வந்து நின்றேன்.

"இன்னாத்துக்கு? கூப்ட்டா வரப்போறேன்."

"நீ வர முடியாத நாள்ல?"

"எங்கள யாரும் பாம்பு வந்தாத்தான் கூப்புடுவாங்க. சரி, ஞாயித்துக்கெழம வா. நோட்டு கீட்டு எடுத்துகினு வந்த, தொரத்திடுவேன்." மேடம் போய் யக்கா ஆனதும், நீங்கோ போய் நீ ஆனதும் அன்றைக்குத்தான்.

நோட்டு கொண்டுவரவில்லை. ஆனால் எதையும் மறக்கவில்லை. தடம் வெயிலுக்கும் நமக்கும் நடுவில் விழும்படி நிற்க வேண்டும், அப்போதுதான் பள்ளத்தில் நிழல் தெரியும். இடுப்பு உயரத்தில் சிலந்தி நூல் அறுபடாமல் இருந்தால் அந்த வழியில் காலையிலிருந்து யாரும் போகவில்லை. தவிட்டுக்குருவிகள் ஒரே புதரைச் சுற்றிக் கத்தினால் அங்கே ஆளோ பாம்போ இருக்கும், போய்ப் பார்த்துவிட வேண்டும். ஏரி வற்றிய மாதத்தில் மணலை முழங்கை ஆழம் தோண்டி, முதலில் ஊறுகிற கலங்கலை இறைத்து ஊற்றிவிட்டு, அடுத்து ஊறுவதைக் குடிக்க வைத்தாய். அதில் இரும்பு வாசனை அடித்தது. காய்ந்த தரையில் புல் சாய்ந்திருப்பதைப் பார்த்துப் போகிற வித்தையைக் காட்டியவர் உன் வீட்டுக்காரர். "இவ சேத்துலதான் கெட்டிக்காரி. கட்டாந்தரைன்னா என்னிய கேளு யம்மா" என்று உன்னைச் சீண்டுவார். "ஆமா, வூட்டு சாவிய தேடத் தெரியாது, தரைய பாக்குறாரு" என்பாய்.

பின்வாசல் மண்ணைத் தினமும் பெருக்கிச் சமன் செய்துவிட்டு வேலைக்குப் போ என்றதும் நீதான். பெருக்கிய மண்ணில் அப்பா கிளம்பிய திசை அச்சாக விழுந்திருக்கும்.

படித்தவளின் அதிபுத்தியைக் காட்டியதும் அந்த நாட்களில்தான். ஸ்டோரிலிருந்து கட்டர் கொண்டுவந்து அப்பாவின் ஷூ இரண்டின் அடியிலும் பெருக்கல் குறி மாதிரி வெட்டிவிட்டேன். இனி எந்தக் கூட்டத்திலும் அவர் தடம் தனியாகத் தெரியும் அல்லவா? உன்னிடம் சொல்லவில்லை. செய்து காட்டிப் பெருமைப்பட இருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை அவர் கிளம்பிப் போயிருந்தார். பெருக்கல் குறியைப் பிடித்துக்கொண்டு அம்மன் கோயில் வாசல் வரை போனேன், அங்கிருந்து சந்துக்குள், அங்கிருந்து தெற்கத்திப் பையன்கள் தங்கியிருந்த ஹாஸ்டல் படிக்கட்டு வரை. கதவைத் தட்டினால், துண்டோடு ஒரு பையன் வந்தான்.

"எக்கா, கோயில் வாசல்ல மாறிட்டுக்கா. எஞ் சோடியக் காங்கல, இதுதான் கெடந்துச்சு. சத்தியமா களவாங்கலக்கா!"

திரும்பி ஓடி வந்தால், நீ எங்கள் வீட்டு வாசலில் நின்றாய். இடுப்பு வரை நனைந்திருந்தாய். பக்கத்தில் அப்பா, யாருடையதோ ஷூவில், நடுங்கிக்கொண்டு. பக்கத்து வீட்டில் விவரம் கேட்டு, கோயில் வாசலிலிருந்து அவர் நடையைப் பிடித்துப் போய், ஏரிக்குள் இறங்கிக்கொண்டிருந்தவரை இழுத்து வந்திருக்கிறாய்.

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சைக்கிள் ஷெட் அருகே நிறுத்தினாய். "நா உனுக்கு நடைய பாக்கச் சொன்னேன். நீ ஷூவ தேடிகினு போயிட்ட. இன்னும் பத்தடி போயிருந்தா ஆழம். தெரியுமா உனுக்கு?"

வேறு ஷூ மாற்றிக் கொடுத்தேன். அதில் எதையும் வெட்டவில்லை. தம்பிக்கும் செய்தி எட்டியது. "இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா உன்ன கேக்க மாட்டேன்க்கா. வந்து கூட்டிட்டுப் போயிடுவேன்" என்றான்.

அந்த மழைக்காலத்தில் காண்டிராக்ட் மாறி, உங்கள் ஆட்களை நிறுத்திவிட்டார்கள். ஆண்டு முடிவு சரக்குக் கணக்கில் சில வாரங்கள் நானும் உன் பக்கம் வரவில்லை. உனக்குக் காய்ச்சல், நெஞ்சுச் சளி, பெரிய ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். காரியமும் முடிந்தபிறகு, கேட்டுக்கு வெளியே நின்றிருந்த உன் வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "ரெண்டு தபா வந்தேன் யம்மா. செக்யூரிட்டி உள்ள உடல." அந்த ஞாயிறு ஏரிக்கரைக்குப் போனேன். இரண்டாம் விரல் நீண்ட, குதிகால் ஓரம் வெடித்த உன் வெறுங்காலின் தடம் ஒன்றாவது இருக்கும் என்று குனிந்தே நடந்தேன். கரையை மழை சுத்தமாகத் துடைத்திருந்தது.

அடுத்த கோடையில் ஒரு சனிக்கிழமை தம்பி வந்திருந்தான். உள்ளே ஹோம் பற்றித்தான் வாக்குவாதம். பேச்சின் நடுவே எட்டிப் பார்த்தால் கட்டில் காலி. பின்வாசல் மண்ணில் தடம் இருந்தது. பிடித்துக்கொண்டு கம்பெனி ரோடு வரை போனேன். அப்போதுதான் ஷிப்ட் விட்டு ஆட்கள் போயிருந்தார்கள். முந்தின நாள் தூறலில் ஊறிய மண்ணில் நூற்றுக்கணக்கான கட்டங்கள், குதிகால் கோடுகள். அப்பா அதற்குள் கரைந்துவிட்டார். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. தம்பி வண்டியோடு பின்னாலேயே வந்து நின்றான்.

"ஏன் நின்னுட்ட? வண்டில ஏறுக்கா! ரோட்டுல லாரி போய்க்கிட்டிருக்கு, நீ தரையப் பாத்துக்கிட்டு நிக்கற!"

ஏறி ஓடத்தான் கால் துடித்தது. தடம் தப்பினால் ஓடக்கூடாது, கடைசியாகத் தெரிந்த தடத்தை விட்டு நகரக்கூடாது என்பாய் நீ. "அது ஒண்ணுதான் உன் கையில கீது. அத்தயும் உட்டுட்டா நீயும் காணாப் பொணம்." கைப்பையை அந்தத் தடத்தின் அருகே வைத்தேன். அதை நடுவில் வைத்து வட்டமாகச் சுற்றி வந்தேன். ஒன்றுமில்லை. இன்னும் அகலமாகச் சுற்றினேன். ஒன்றுமில்லை. தம்பி குறுக்கே ஓடி வந்தான். "என் பின்னால மட்டும் வா. முன்னால ஒரு கால் வெச்சேன்னா பாரு!" என்று கத்தினேன். அவனிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. நான் மிதித்த இடத்திலேயே மிதித்துப் பின்னால் வந்தான்.

மூன்றாவது சுற்றில், ரோட்டின் அந்தப் பக்கம், காய்ந்த சரளையில், புல் ஒரே திசையில் சாய்ந்திருந்தது. பக்கத்தில் குதிகால் இழுபட்ட கீறல். பிறகு இன்னொன்று. அது போய் முடிந்த இடத்தில் மழைநீர்க் கால்வாய். உள்ளே அப்பா, கணுக்கால் பிசகி, எழ முடியாமல், சிமெண்டுச் சரிவில் சாய்ந்து கிடந்தார். தம்பி குதித்து முதுகில் தூக்கிக்கொண்டான். வீட்டு வாசலை மிதித்தபோது மழை கொட்டத் தொடங்கியிருந்தது. அந்தக் கால்வாயில் அன்றிரவு தண்ணீர் எந்த உயரத்துக்குப் போயிருந்தது என்பதை மறுநாள் காலை அவனே போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

"யாருக்கா உனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?"

உன் பெயரைச் சொன்னேன். உன் வீட்டுக்காரர் பெயரையும் சொன்னேன்.

ஹோம் பேச்சை அவன் அதன்பின் எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறு கட்டாந்தரை பார்க்கக் கற்றுக்கொள்ள உன் வீட்டுக்காரரிடம் கூட்டிப் போனேன். முதல் நாளே அவன் தடத்தை மிதித்துவிட்டு அவரிடம் திட்டு வாங்கினான்.

அப்பா இந்த மாசியில், தன் கட்டிலில், தூக்கத்திலேயே போய்விட்டார். அதற்குமுன் இன்னும் ஒன்பது முறையாவது கிளம்பியிருப்பார். கடைசி நாட்களில் ஓடிப்போய் மறிப்பதை விட்டுவிட்டேன். இருபதடி பின்னால், சத்தமில்லாமல், அவர் போகிற வரை போனேன். கழனி இருந்த பக்கத்துச் சுவரைத் தொட்டுப் பார்ப்பார். சிறிது நேரம் நிற்பார். சில நாள் தானாகவே திரும்பி நடப்பார்.

இப்போதும் எதிரில் வருகிறவரின் முகத்துக்கு முன்னால் நடைதான் என் கண்ணில் படுகிறது. அந்த முதல் தடவைக்குப் பிறகு, அப்பா போகும் வரை அந்தக் கதவைப் பூட்டவில்லை. ஒருநாள்கூட இல்லை. இதை உன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன்.