படகு தெரியாத திரை

1994 ஒக்டோபர் 18, செவ்வாய்

இன்று புவாண்ட்-கிளேர் ஏரிக்கரையில் எங்கள் நிறுவனத்தின் புது ரேடாருக்குச் சோதனை. கூட வேலை செய்யும் குகன் அண்ணை, ரேடார் தேட வேண்டிய இலக்காகச் சின்ன மரப்படகில் போனார். நான் கரையில் திரைக்கு முன்னால் இருந்தேன். அலைகள் திரை முழுக்கப் பொய்ப்புள்ளிகளைத் தூவின.

"நாளைக்கு ரேடார் வாங்கறவங்க வராங்க. திரை சுத்தமா இருக்கணும். மெல்லிய எதிரொலி எதையும் காட்டாதபடி வடிகட்டுற எல்லையை ஏத்துங்க" என்றார் மேலாளர் ராகவன் சார்.

ஏற்றினேன். பொய்ப்புள்ளிகள் போயின. அண்ணையின் படகும் போனது.

அப்போதுதான் மூடுபனி இறங்கியது. வோக்கி டோக்கியில் அண்ணை கேட்டார்: "தங்கச்சி, கப்பல் சத்தம் கேக்குது. நான் எங்க நிக்கிறன்?"

எனக்குத் தெரியவில்லை. வெட்டி எறிந்த எதிரொலியை எந்தக் கணக்கும் திருப்பித் தராது. எல்லையை இறக்கினேன். திரும்பி வந்த புள்ளிக் கூட்டத்தில், ஒவ்வொரு சுற்றிலும் ஒரே திசையில் நகரும் புள்ளியைத் தேடினேன். கண்டுபிடித்தேன்; கப்பலின் பெரிய புள்ளி வலப்பக்கமிருந்து அதை நெருங்கிக்கொண்டிருந்தது.

"இடப்பக்கம் திருப்புங்கோ அண்ணை, கெதியா."

கப்பல் அவரைத் தாண்டிப் போனது.

கரையேறியவர் தேத்தண்ணி மட்டும் கேட்டார். சார் என்னிடம், "நாளைக்கு எல்லை உயரத்துலயே இருக்கட்டும்" என்றார்.

"அப்ப நாளைக்குப் படகில நீங்கள் போங்கோ, சார்."

நாளை எனக்கு வேலை இருக்குமோ தெரியாது. எல்லையை இறக்கியபடியே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.