அரைஞாண் காசு

சிங்கப்பூர், 1961

பக்கிரியின் அம்மாவுக்கு,

பழைய சாமான் வாங்கி விற்கும் ரவூப் பாய் நேற்று நம் நாணயக் கடைக்கு இருபது காசு ஒன்று கொண்டுவந்தார். சுண்டிப் பார்த்தேன், கணீரென்றது. அசல் வெள்ளி. காசிலிருக்கும் ராஜா தலையின் காதோரம் கோணலாக ஓர் ஓட்டை. பக்கிரியின் அரைஞாணில் கோக்க நான் போட்டது.

கைக்குழந்தையாக அவனைப் புதைத்தபோது அதை அவிழ்க்க நீ விடவில்லை. மண்ணுக்குள் கிடந்த வெள்ளி கறுத்திருக்க வேண்டும். இது கறுக்கவில்லை. உன் விரலைக் கீறிய அந்த ஓட்டையின் விளிம்பு, வருஷக்கணக்காகக் கயிறு உரசியதுபோல் வழவழவென்று தேய்ந்திருக்கிறது.

"யார் கொடுத்தது, பாய்?"

"ஒரு பையன் லா. கயிறு இறுக்குதுன்னு கழட்டிக் கொடுத்தான்."

காசை நானே வைத்துக்கொண்டேன். இந்தத் தையோடு அவனுக்குப் பத்து வயது. புதுக் கயிறு எவ்வளவு நீளம் வாங்கட்டும்? எழுது.

அவன் அப்பா