பீரோ போன ஊர்

செவ்வாய், இரவு.

நைனார்பாளையத்துக்குப் போக வேண்டிய பீரோ இன்று களமருதூரில் போய் இறங்கிவிட்டது. காரணம் நான் எழுதிய வலைப்பக்கம்.

நாங்கள் செய்து கொடுத்த மென்பொருளில் பர்னிச்சர் கடைக்காரர் ஒரு வாடிக்கையாளரின் போன் எண்ணை மட்டும்தான் திருத்தினார். திருத்தும் பக்கம் திறக்கும்போது, ஏற்கெனவே சேமித்த ஊரை சர்வர் படித்து, பட்டியலில் அதையே தேர்ந்தெடுத்துக் காட்ட வேண்டும். அதை எழுத மறந்திருந்தேன். பட்டியலில் முதல் ஊர் களமருதூர். அவர் சேமித்ததும் அதுவே முகவரியாகிவிட்டது.

"இன்னாப்பா, போன் நம்பர மாத்துனவன எல்லாம் களமருதூர்ல குடி வெச்சிக்கினு இருக்கியா?" என்றார் எங்கள் முதலாளி பாய். சல்மா சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

நானும் அவளும் ஒன்றாகத்தான் இங்கே வேலைக்குச் சேர்ந்தோம். மாதக் கடைசியில் எங்களில் ஒருவரைத்தான் பாய் நிரந்தரமாக்குவார்.

சல்மா என் நாற்காலியில் உட்கார்ந்து நாலே வரி எழுதினாள். பின்னால் நின்றபடி, ஒரு பிழையாவது வரட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். வரவில்லை. பக்கத்தைத் திறந்ததும் அவரவர் ஊர் அவரவருக்கு வந்து நின்றது.

"யாரு சரி பண்ணது?" பாய் கேட்டார்.

"ரெண்டு பேருந்தான் பாய்" என்றாள் சல்மா.

பாய் என் தோளைத் தட்டினார். நான் மறுக்கவில்லை.

அந்த நாலு வரியை இப்போது படித்துப் பார்த்தேன். புரிகிறது. நாளை நானே எழுதிவிடுவேன். ஆனால் அவள் இடத்தில் இருந்திருந்தால், "நான்தான் பாய்" என்று முந்திக்கொண்டு சொல்லியிருப்பேன். அவளுக்கு அது தேவைப்படவே இல்லை.

வேலை அவளுக்கே கிடைக்கட்டும் என்று எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன்.