மயினி மலையாளத்தில் சொன்னது

ஜூலை 5, சனி

விடிந்ததிலிருந்து மழை. ஓட்டின் மேல் விழும் சத்தம் பதிவில் ஏறிவிடும். பதினோரு மணி வரை காத்திருந்து, மழை விட்டதும் பெரியப்பா வீட்டுக்கு ஓட்டம். நடுவில் ஒரு பலாமரம்தான்.

பள்ளித் தமிழ் மன்றத்தின் பாட்காஸ்ட். இந்த மாதம் என் முறை. டீச்சர் தந்த தாளில் இருப்பவை:
1. ஏழு நிமிடம். கூடக்கூடாது.
2. முதல் அரை நிமிடத்திலேயே கேட்பவரைப் பிடித்து உட்கார வைக்க வேண்டும்.
3. தமிழ் மட்டும்.

லீனா மயினியைப் பேச வைத்தேன். பெரியப்பா மகன் சஜின் அண்ணனின் மனைவி. நாகர்கோவிலுக்குக் கிழக்கே இருந்து கல்யாணமாகி இந்த மலையாள ஊருக்கு வந்து ஒன்பது வருடம். வரும்போது மலையாளத்தில் ஓர் எழுத்துகூடத் தெரியாதாம். தலைப்பு: ‘எல்லை தாண்டி வந்த மருமகள்’. நான் வைத்ததுதான்.

சமையலறையில் மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டே பேசினார். போனைப் புட்டுக்குடத்தில் சாய்த்து வைத்தேன்.

“அத கொஞ்சம் திருப்பி வையி மக்கா. மொகத்த பாத்துட்டிருந்தா எனக்குப் பேச்சு வராது.”

பிறகு நிறுத்த முடியவில்லை. இருபத்து மூன்று நிமிடம். கடைசியில் ஒன்று சொன்னார்: “போடுறதுக்கு முன்ன எனக்கு ஒருக்க கேக்கத் தரணும், கேட்டியா?”

சரி என்றேன்.

பெரியம்மா வீட்டில் இல்லை. கோயிலில் பெண்களே ஆராதனை நடத்தும் பெண்கள் ஞாயிறுக்குச் சேலை எடுக்கப் பாலராமபுரம் போயிருந்தார். அடுத்த ஞாயிறு ஆராதனையில் மலையாள வேதபாடம் வாசிக்கப்போவது மயினி! முதல் தடவை. ஒரு மாதமாகப் பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க வைக்கிறார்.

ஜூலை 7, திங்கள்

கணக்கு வீட்டுப்பாடம் முடிக்கவில்லை. பள்ளி விட்டு வந்ததிலிருந்து எடிட்டிங்.

மயினி (ம.) பேச்சில் தமிழும் மலையாளமும் மாறி மாறி. ஒரே வாக்கியத்திலேயே மாறிவிடுகிறது. மலையாளம் வந்த இடமெல்லாம் வெட்டினேன். நல்ல பேச்சுகள்தான், ஆனால் விதி 3. ஒரு வேடிக்கை: தமிழில் பேசும்போது பெரியம்மாவை ‘மாமி’ என்கிறார், மலையாளத்தில் ‘அம்ம’. கட்டுரை எழுதினால் உதவும், குறித்து வைக்கிறேன்.

தொடக்கத்துக்கு, வந்த புதிதில் அழுததைச் சொல்லும் இந்த இடத்தை எடுத்து வைத்தேன்:

“வந்த புதுசுல மூணு நாளு இருந்து கரஞ்சேன். எனக்க பேச்ச கேட்டு மாமி சிரிப்பாவ. இனி இந்த வீட்டுல வாயே தொறக்கப்பிடாதுன்னு நெனச்சேன்.”

அதன் பின் இரண்டு விநாடி மௌனம். பிறகு என் குரல்: வணக்கம். எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. ஆறு நிமிடம் ஐம்பது விநாடி. டீச்சருக்கு அனுப்பியாயிற்று.

போன் அம்மாவுடையது. “ஏட்டி, ஒரு போட்டோ எடுக்க எடமில்ல. என்னத்தயெல்லாம் நெறச்சு வச்சிருக்க?” என்று சத்தம். முழுப் பதிவையும் அழித்தேன்.

ம.விடம் கேட்கக் கொடுக்கவில்லை. நாளை.

ஜூலை 9, புதன்

டீச்சர் காலையிலேயே வெளியிட்டுவிட்டார். அசெம்பிளியில் என் பெயர்! “இதுவரைக்கும் வந்ததுல இதுதான் கேக்க வச்சது” என்றார். நூலகத்தில் எனக்கு ஒரு புத்தகம் கூடுதலாக எடுக்க அனுமதி.

இடைவேளையில் அனுஜா: “எடீ, ஆ மாமி ஒரு சாதனமாணல்லோ!”

மாமியாரைத்தான் சொன்னாள், பொல்லாதவள் என்று. அது என் பெரியம்மா என்று அவளுக்குத் தெரியாது. நானும் சிரித்தேன். (இதை எழுதாமல் விடலாமா என்று பார்த்தேன்.)

ஜூலை 10, வியாழன்

மழை இல்லை. புழுக்கம்.

அம்மா ரேஷன் கடையிலிருந்து வந்து பையைக்கூட இறக்கவில்லை. அங்கே பெண்கள் சங்கத்து ராஜம் அக்கா, வரிசையில் எல்லோர் முன்னும் பெரியம்மாவிடம் கேட்டாராம்: “எக்கா, மருமொவளுக்குக் கஞ்சித்தண்ணியாவது குடுத்தியளா, அதுவும் இல்லியா?” எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். பெரியம்மா சிரிக்கவில்லை. யார் யார் போனுக்கோ போய்விட்டிருக்கிறது என் ஏழு நிமிடம்.

பலாமரத்தைத் தாண்டி ஓடினேன். முன்னறையில் சஜின் அண்ணனின் போன் ஓடிக்கொண்டிருந்தது. என் குரல், “வணக்கம்.” பெரியம்மா நாற்காலியில். மயினி கதவோரம், கையில் ஈரம் சொட்டும் பாத்திரம். அவரும் அப்போதுதான் முதல் தடவை கேட்கிறார்.

ஏழு நிமிடமும் ஓடி முடிந்தது.

“மூணு நாளு கரஞ்சது எனக்குத் தெரியாதே பிள்ள. ஒரு வாக்கு எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா” என்றார் பெரியம்மா.

“பாக்கியும் பறஞ்ஞு அம்மே, எல்லாம் சொன்னேன்” என்றார் மயினி. “நெறய பறஞ்ஞு. இவகிட்ட கேளுங்க.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

“பாக்கி எங்க மக்கா?” என்றார் பெரியம்மா.

அழித்துவிட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டார். அதெல்லாம் மலையாளம் என்றேன்.

பெரியம்மா என்னைத் திட்டவில்லை. எழுந்து கோழிக்கூட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

ஜூலை 11, வெள்ளி

பள்ளிக்குப் போனேன். ஒன்றும் காதில் ஏறவில்லை. மதியம் டீச்சரிடம் சொல்லிப் பாட்காஸ்டை நீக்க வைத்தேன். “நல்லாத்தானே இருந்துச்சு?” என்றார். எடுத்தார். ஆனால் பிறர் போன்களில் இருப்பதை அவரால் எடுக்க முடியாது.

வெட்டியவற்றில் நினைவில் இருப்பவை:

— முதல் மாதம் தினமும் பெரியம்மா ம.வை பஸ் ஸ்டாப்புக்குக் கூட்டிப்போய் போர்டு வாசிக்க வைத்தது. நெய்யாற்றின்கரை. பூவாறு.

— ஒரு நாள் தனியே போய், போர்டைத் தப்பாக வாசித்து, திருப்புறத்தில் போய் இறங்கி நின்றது. பெரியம்மா இரண்டு குடையோடு வந்தது. திட்டாமல், “வா, சாயா குடிக்கலாம்” என்றது.

— ம.வின் சொற்களைக் கேட்டுப் பெரியம்மா சிரித்தது உண்மை. சிரித்துவிட்டு அர்த்தம் கேட்பாராம். மறுநாள் அதே சொல்லைத் தாமே சொல்லிக் கோழியை விரட்டுவாராம்.

— “அம்மயாணு என்னை அட்சரம் படிப்பிச்சது.” அம்மாதான் எழுத்து சொல்லித் தந்தாராம். இதைச் சொல்லும்போது மயினி கத்தியைக் கீழே வைத்தார். அந்தச் சத்தம்கூடப் பதிவாகியிருந்தது. ‘டக்’. இடைஞ்சல் என்று நினைத்தேன்.

இப்போதுதான் புரிகிறது. வருத்தமெல்லாம் தமிழில். அவர் கொண்டுவந்த மொழி அது. பெரியம்மாவைப் பற்றிய நல்லதெல்லாம் பெரியம்மா கொடுத்த மொழியில். நான் ஒரு மொழியை எடுக்கவில்லை. ஒன்பது வருடத்தில் பாதியை எடுத்துவிட்டேன்.

திங்களன்று ‘வேடிக்கை’ என்று எழுதியிருக்கிறேன். அடித்துவிடலாம். அடிக்கவில்லை.

ஜூலை 12, சனி

மயினியிடம் போனேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். மறுபடி பதிவு செய்யலாம், இந்தத் தடவை மலையாளம் எல்லாம் இருக்கும், ஒன்றையும் வெட்டமாட்டேன் என்று கெஞ்சினேன்.

“வேண்டாம் மக்கா.”

“பெரியம்மாவுக்குத் தெரியாண்டாமா மயினி?”

“இப்ப சொன்னா கோர்ட்டுல சாட்சி சொல்லுற மாரி இருக்கும். அன்னைக்கு ஆரும் கேட்டு நான் சொல்லல்ல. தன்னால வந்ததாக்கும்.” கிளிப்பைக் கடித்துக்கொண்டே சொன்னார். பிறகு, “நாளைக்கு நான் வாசிக்கல்ல. கோயில் அச்சன்கிட்ட சொல்லியாச்சு. வாய தொறந்தது மதி, போதும்.”

கேட்கத் தருவதாகச் சொன்னாயே என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

பெரியம்மாவும் அவரும் பேசுகிறார்கள். அரிசி ஊறிவிட்டதா, குழாயில் தண்ணீர் வந்ததா. அவ்வளவே. நான் நின்றபோது உள்ளேயிருந்து பெரியம்மா கூப்பிட்டார். மயினி, இதோ வருகிறேன் என்று மலையாளத்தில்தான் பதில் சொன்னார்: “தா வருந்நு மாமி.”

மலையாளத்திலும் மாமி.

ஜூலை 13, ஞாயிறு

கோயில். நல்ல வெயில். பெரியம்மா பாலராமபுரத்துப் புதுச் சேலையில். இரண்டு எடுத்திருந்தாராம், ஒரே கரை. மயினி போன வருடத்து நீலச் சேலை.

வேதபாடம் வாசித்தது ராஜம் அக்காவின் மகள். நடுவில் ஒரு நீளமான பெயரில் தடுக்கினாள். மறுபடி தடுக்கினாள். என் முன் வரிசையிலிருந்து, வாய்க்குள்ளேயே, ஒரு குரல் அந்தப் பெயரைச் சரியாகச் சொன்னது. மயினி. பெரியம்மா திரும்பிப் பார்த்தார். மயினி புத்தகத்தை மூடிவிட்டார்.

நான் என்ன ஜெபித்தேன் என்று இங்கே எழுதவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

தூறல். அறிவியல் பரீட்சை பரவாயில்லை. நூலகத்தில் கூடுதல் புத்தகம் எடுக்கவில்லை.

மாலை மயினி வந்தார்! அந்த நாளுக்குப் பிறகு முதல் தடவை. கிண்ணத்தில் அவித்த சக்கைக்குரு, பலாக்கொட்டை. பெரியம்மா கொடுத்துவிட்டதாம், “அவளுக்குப் பிடிக்கும்” என்று. எனக்கு அழுகை வந்தது. கிண்ணத்தை வாங்கி மேசையில் வைத்தேன்.

இருங்கள் மயினி என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை.

“போன் எங்க மக்கா?”

“அம்மா கடைக்குக் கொண்டு போயிருக்கு.”

தலையாட்டினார். ஆனாலும் மேசை மேல் பார்த்தார். சன்னல் திண்டில் பார்த்தார். டிவி மேல் பார்த்தார். பிறகு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

மழை குறைந்துவிட்டது என்றார். ஆமாம் என்றேன்.